குடைக்குள் எழுதியிருந்த வலம்

கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் இன்று குடை இல்லை. வேங்கிக்காலில் காலையிலிருந்து விடாத மழை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது கை தானாக ஆணிப் பக்கம் போனது; வெறும் சுவர்தான் பட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியாயிற்று. உனக்கு எழுத வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஆணியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தொங்கிய குடை அது. நீ கொடுத்தது. இப்போது உன் அம்மாவிடம் இருக்கிறது. அது அங்கே எப்படிப் போனது என்பதை உன்னிடம் சொல்ல எனக்கு வாயில்லை; அதனால்தான் கடிதம்.

நீ போன நாற்பதாம் நாள், பாத்தியா ஓத வந்திருந்தபோது, கூட்டம் கலைந்தபின் அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுப் போனார். "கடைசியா அவன் சோறுகூட சரியா துண்ணல கண்ணு. எப்பப் பாரு கம்ப்யூட்டர்ல அதையே பாத்துனு இருந்தான். கேட்டா, கணக்கு ஒத்துவரலன்னு டாக்டரம்மா சொல்லிட்டாம்மான்னான். மெய்யா சொல்லு. எம் புள்ள தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டார். டாக்டரம்மா நான்தான். நான் ஆறுதல் சொல்கிற முகத்தை வைத்துக்கொண்டு, "சின்னத் தப்புதாம்மா. யாருக்கும் வர்றதுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பெற்ற பிள்ளை தப்புச் செய்துவிட்டுப் போனான் என்பதை ஒரு தாய் ஒப்புக்கொண்ட அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை.

தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

நாம் ஒன்றாக எம்.எஸ்ஸி. முடித்ததும் நான் சென்னைக்கு ஆராய்ச்சி செய்யப் போனேன். உனக்கும் இடம் கிடைத்தது. உன் அத்தா நோயில் படுத்துவிட்டதால் நீ கிரிவலப் பாதையில் இருந்த அவருடைய குடைக் கடையில் உட்கார்ந்தாய். "நீ டாக்டராவு. நான் குடை விக்கறேன். மழ பேஞ்சா எனக்கு வருமானம், வானம் வெளுத்தா உனக்கு வருமானம்" என்று சிரித்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு டாக்டரம்மா, நீ எனக்குக் குடைக்காரர். நான் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி இங்கேயே கல்லூரியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தபோது, நீ கண்ணாடி ஷோகேஸின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, குடை கேட்டு வருகிறவர்களுக்கு நடுவில், ஒரு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டிருந்தாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நிரலை இறக்கி, அது உடைந்த இடத்தில் எல்லாம் நீயே ஒட்டுப் போட்டு ஓட்டினாய். பட்டம் வாங்கிய எனக்கு அந்த நிரலைத் திறக்கவே பயம்.

நாம் எடுத்துக்கொண்டது வேகமாகச் சுழலும் ஒரு நட்சத்திரம். நம் சூரியன் ஒரு சுற்றுச் சுற்றக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். இது ஒரு நாளுக்குள் சுற்றி முடித்துவிடும். அந்த வேகத்தில் இடுப்புப் பக்கம் பிதுங்கி, உருண்டையாக இல்லாமல் சப்பையாகிவிட்ட நட்சத்திரம். அதற்குள்ளே அலைகள் ஓடுகின்றன. அலைகள் ஓடும்போது அதன் வெளிச்சம் ஒரு துளி கூடும், ஒரு துளி குறையும். கண்ணால் பார்த்தால் தெரியாது. வானத்தில் நிற்கிற செயற்கைக்கோள் ஒன்று அதையே வாரக்கணக்கில் உற்றுப் பார்த்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வெளிச்சத்தை அளந்து அனுப்பியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பொதுவில் வைத்திருந்தார்கள். அந்த அளவுகளிலிருந்து எந்த அலை ஒரு நாளைக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று பிரித்தெடுப்பது என் வேலை. நட்சத்திரத்தின் உள்ளே இன்ன வேகத்தில் சுழற்சி இருந்தால் இன்ன துடிப்பு வரவேண்டும் என்று கணித்துத் தருவது உன் வேலை. இரண்டும் பொருந்தினால், யாரும் எட்டிப் பார்க்க முடியாத அதன் உள் வயிறு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம்.

அலைகளில் இரண்டு வகை. நட்சத்திரம் சுழலும் திசையிலேயே ஓடுவது ஒன்று, அதற்கு எதிர்த் திசையில் ஓடுவது ஒன்று. நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன் காண்கிற வேகத்தைத்தான் உன் நிரல் சொல்லும். பூமியில் இருந்து பார்க்கிற நமக்கு ஏற்றபடி அதை மாற்ற, கூடவே ஓடுகிற அலைக்குச் சுழற்சியைக் கூட்ட வேண்டும்; எதிரே ஓடுவதற்குக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல்.

இரண்டு வகைக்கும் புத்தகத்தில் இருந்த பெயர்கள் உனக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. வாயில நுழையற பேரா வெச்சிக்கலாம்" என்று இரண்டு கோப்புறைகளுக்கு 'வலம்', 'இடம்' என்று தமிழிலேயே பெயர் வைத்தாய். கடைக்கு வெளியே அன்று மலையைச் சுற்றுகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. வலம் என்றால் எனக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்து மலை சுற்றியவள் நான். மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், கடிகார முள் போகிற பக்கம் போக வேண்டும். அதுதான் வலம்.

உன் அம்மா அப்போது கடைக்குள் உட்கார்ந்து ஒரு குடைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். மெக்காவுக்கு உம்ரா போய்விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "அங்க நாங்க இந்தப் பக்கமா சுத்தனோம்" என்று ஊசி பிடித்த கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "காபா எங்களுக்கு இடது கைப் பக்கம். இங்க உங்களுக்கு மலை வலது கைப் பக்கம்." நீ உடனே, "எந்தப் பக்கமா இருந்தா இன்னாம்மா, கூட்டத்தோடதான போற? எதிர்ல வந்தா இடிச்சிக்குவ" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீ அந்த ஒரு வரியில் உன் 'வலம்' எது என்று சொல்லிவிட்டாய் என்பது எனக்கு உறைக்கவில்லை. உனக்கு வலம் என்றால் கூட்டம் போகிற பக்கம். நட்சத்திரம் எப்படிச் சுற்றினாலும் அதோடு சேர்ந்து போவது. எனக்கு வலம் என்றால் கடிகார முள். புத்தகப் படங்களில் எல்லாம் நட்சத்திரத்தை அதன் தலைக்கு மேலிருந்து பார்த்து வரைந்திருப்பார்கள். அதில் அது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். அப்படியென்றால் வலம் என்பது எதிர்த் திசை. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். கேட்கவே இல்லை. தாய்மொழியில் இருந்த ஒரு சொல்லுக்குப் போய் அர்த்தம் கேட்பார்களா?

உன் 'வலம்' கோப்பில் இருந்ததற்கெல்லாம் கழித்தேன். 'இடம்' கோப்பில் இருந்ததற்கெல்லாம் கூட்டினேன். ஒன்றும் பொருந்தவில்லை. உள்ளே சுழற்சியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். மிகவும் மெதுவாக்கியபோது ஓரளவு ஒட்டி வந்தது. வெளியே அத்தனை வேகமாகச் சுற்றும் நட்சத்திரம் உள்ளே மட்டும் மந்தமாகச் சுற்றுகிறது! இதுவரை யாரும் பார்க்காத விஷயம். உன்னுடைய கணிப்போ உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே வேகம் என்றது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் புதிது வேண்டியிருந்தது. என் முடிவு பிடித்துப்போனதால்தான் உன் முடிவு தப்பாகத் தெரிந்தது.

உனக்குப் போன் செய்து, "உன் கணிப்பு எங்கயோ இடிக்குது. அத எடுத்துட்டு என் முடிவ மட்டும் அனுப்பப்போறேன். என் ஆராய்ச்சி நெறியாளரும் அப்படித்தான் சொல்றார்" என்றேன். கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "எத்தினி தடவ ஓட்டியிருக்கேன் தெரியுமா? தப்பு வர சான்ஸ் கம்மி. நீ எந்தப் பக்கம் நின்னு பாக்கற? அத மொதல்ல சொல்லு" என்றாய்.

நான் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். நெறியாளர் பக்கமா, உன் பக்கமா என்று கேட்கிறாய் என்று நினைத்தேன். "நான் சரியான பக்கம்தான் நிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எவ்வளவு திமிர். நீ கேட்டது நூற்றுக்கு நூறு இயற்பியல் கேள்வி. மேலே நின்று பார்க்கிறாயா, கீழே நின்று பார்க்கிறாயா என்று கேட்டாய். தப்பு எங்கே இருக்கிறது என்று உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீ அழைத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கல்லூரி வாட்ச்மேன், "குடைக் கடைக்காரர் உங்களாண்ட குடுக்கச் சொன்னார் மேடம்" என்று ஒரு புதுக் குடையை நீட்டினார். சமாதானத்துக்கு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக இறங்கி வர எனக்கு மனசில்லை. உறையோடு ஆணியில் மாட்டினேன். கட்டுரை வெளியானது. உன் பெயர் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஒற்றை வரியில், 'கணினி உதவி' என்று இருந்தது. கல்லூரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ செய்தியில் ஒரு கைதட்டும் படம் மட்டும் அனுப்பினாய். அடுத்த மாதம் கடையில் உட்கார்ந்திருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்று போன் வந்தது. முப்பத்தாறு வயது. இது சாகிற வயதா என்று உன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு அந்தக் குடையைத் தொடவே கை வரவில்லை.

போன வாரம் என்னுடைய பழைய குடையின் கம்பி உடைந்து தொலைந்தது. கொட்டுகிற மழை. வேறு வழியில்லாமல் உன் குடையின் உறையைக் கிழித்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அங்கே போய்த்தான் விரித்தேன். வெளிர் மஞ்சள் துணி. வெளியே ஒரு துண்டில் பெரிதாகக் கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி. விரித்துத் தலைக்கு மேல் பிடித்தபோது உள்ளே, அதே அம்புக்குறி ஊறித் தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில், விலை எழுதுகிற மார்க்கரால் உன் கோழிக்கிறுக்கல்.

'இங்க நின்னா வலம்.'

அடுத்த துண்டில், 'மேல நின்னா இடம்.'

அதற்கடுத்ததில், 'எங்க நின்னாலும் கூட்டத்தோட போறதுதான் நம்ம வலம்.'

நான்காவது துண்டில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, 'கூட்டு. கழிக்காத.'

அம்பு காட்டுகிற பக்கமாகக் குடையைச் சுழற்றினேன். கீழிருந்து பார்க்கிற எனக்கு அது கடிகார முள் போல வலமாகச் சுற்றியது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி, "இன்னாம்மா நீ, தண்ணியெல்லாம் என் மேல தெளிக்குது!" என்று கத்தினார். எதிர் மாடியில் ஒருவர் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதே குடை இந்த நிமிடத்தில் இடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, ஈரத்தோடு கணினியைத் திறந்தேன். கழித்ததைக் கூட்டினேன். கூட்டியதைக் கழித்தேன். உன் கணிப்பின் கோடுகள் செயற்கைக்கோள் தந்த துடிப்புகளின் மேல் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே வேகம். வாய்விட்டு அழுதேன்.

அதோடு உடனே எழுந்து போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான நேர்காணல். என் விண்ணப்பத்தில் முதலில் இருப்பது அந்தக் கட்டுரை. நெறியாளரிடம் சொன்னேன். "யாரும் கேக்கலையேம்மா. நேர்காணல் முடியட்டும், நிதானமாப் பாத்துக்கலாம்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒருவர் கேட்டிருந்தார். சமையலறையில் நின்று, மெய்யா சொல்லு என்று கேட்டிருந்தார்.

நேற்று மதியம் குடையோடு கடைக்குப் போனேன். அம்மா மட்டும்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. "அம்மா, அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். பொய் என்றும் சொல்ல முடியாது, அப்போது எனக்குத் தெரியாது என்று அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன். குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். எந்தப் பக்கம் சுத்துதும்மா என்றேன். கையால் காட்டினார். பிறகு அதையே தாழ்த்தி, மேலிருந்து பார்க்கச் சொன்னேன். மறுபக்கம் காட்டினார்.

"குடை ஒண்ணுதான். பாக்கற எடம்தான் வேற" என்றார் அவரே. "இதுல இன்னா தப்பு?"

"அவன் எங்க நின்னு சொன்னான்னு நான் கேக்கலம்மா. அவன் கணக்கு சரி. நான்தான் மாத்திப் போட்டுட்டு அவன் மேல பழியப் போட்டேன்."

அவர் குடைக்குள் இருந்த எழுத்தை அப்போதுதான் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகக் குடையைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்கு துண்டையும் படித்துவிட்டு மறுபடி முதல் துண்டுக்கு வந்தார்.

"இது எப்பக் குடுத்தான்?"

"அவன் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"நீ பிரிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இத அவன் உயிரோட இருக்கச் சொல்லவே பிரிச்சிருக்கலாம் கண்ணு" என்றார். குடையை மெதுவாக மடக்கி, பட்டன் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார். "இது இங்கயே இருக்கட்டும். எம் புள்ள எழுத்து" என்றார். மழை விட்டபின் போ என்று எப்போதும் சொல்லுகிறவர், நேற்று சொல்லவில்லை. நான் நனைந்துகொண்டே மலையை வலது கைப் பக்கம் வைத்துப் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.

இன்று காலை இதழுக்குத் திருத்தக் கடிதம் அனுப்பிவிட்டேன். உள் வயிறு மந்தமாகச் சுற்றுகிறது என்று நான் எழுதியது தப்பு. இன்னார் ஆரம்பத்திலேயே சரியாகக் கணித்திருந்தார். திசைக் குறியைத் தப்பாகப் படித்தது நான் என்று எழுதினேன். ஆசிரியர் பெயர்களில் உன்னுடையதை முதலில் போட்டேன். எந்த நிறுவனம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் ஏற்கவில்லை. குடைக் கடை, கிரிவலப் பாதை, திருவண்ணாமலை என்று நிரப்பினேன். எடுத்துக்கொண்டது. நேர்காணல் என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். நீ அன்று போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை மட்டும் திருத்த வழியில்லை. வகுப்பில் சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் நின்னு பாக்கற, அத மொதல்ல சொல்லு. சொல்கிறேன். உன் பக்கமும் இல்லை, நெறியாளர் பக்கமும் இல்லை. நான் மேல நின்னு பாத்தேன், குடைக்காரரே. மேல நின்னுதான் உன்னைப் பாத்தேன்.